பீன்யா: உலோகத்தூள் புழங்கும் பேட்டை

பெங்களூரின் வடமேற்கில், துமகூரு சாலையை ஒட்டி விரிந்து கிடக்கிறது பீன்யா. 1970களில் தொழிற்பேட்டையாக உருப்பெறத் தொடங்கிய இங்கு லேத் பட்டறை, கியர் வெட்டும் கூடம், உலோகத்தை மெருகேற்றும் பஃபிங் ஷெட், ஆயத்த ஆடைத் தொழிற்சாலை என ஆயிரக்கணக்கான சிறு நிறுவனங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் இஸ்ரோவின் இஸ்ட்ராக் மையமும் இங்கேதான்.

பஃபிங் ஷெட்டில் உலோகத்தூள் கழிவாகப் பறக்கிறது. பெங்களூரின் புதிய பொறியியல் தொழிலிலோ, தனியே தயாரித்த உலோகத்தூள் மூலப்பொருளாகிவிட்டது. விப்ரோ 3டி நிறுவனம் முப்பரிமாண அச்சு முறையில் செய்த பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சினை 2024 மே 9 அன்று இஸ்ரோ 665 விநாடி இயக்கிச் சோதித்தது. பழைய முறையில் 565 கிலோ உலோகம் கேட்ட வேலைக்கு 13.7 கிலோ தூள் போதுமானதாக இருந்தது.

ஆனால் தூளாகும்போது உலோகம் ஆபத்தானது. அலுமினியக் கட்டி எளிதில் தீப்பிடிக்காது. அதுவே 45 மைக்ரானுக்கும் குறைந்த துகளாகிக் காற்றில் மேகமாகக் கிளம்பினால், மூடிய அறையில் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். முதல் வெடிப்பின் அதிர்வில் உத்தரத்தில் படிந்த தூசி உதிர்ந்து, இரண்டாவது வெடிப்பு இன்னும் பெரிதாகிறது. 2014 ஆகஸ்டில் சீனாவின் குன்ஷானில் கார் சக்கரங்களை மெருகேற்றிய ஆலை இப்படித்தான் வெடித்தது. 146 பேர் மாண்டனர். அங்கே நடந்தது அச்சு வேலையல்ல, பாலிஷ் வேலை. ஆகவே நவீன அச்சு இயந்திரக் கூடத்துக்கு உள்ள கட்டுப்பாடு சாதாரண ஷெட்டுக்கும் வேண்டும்.

ஷிப்ட் முடிந்ததும் ஏர் கன்னால் மேஜையையும் சட்டையையும் ஊதிவிடும் பழக்கம் பட்டறைகளில் ஊறிப்போனது. முதலில் ஒழிய வேண்டியது அதுதான். படிந்து கிடக்கும் தூளை அந்த ஊதல் மேகமாக்கிவிடுகிறது. தூளைத் தண்ணீருக்குள் இழுத்து அடக்கும் வெடிகாப்பு வேக்குவம், எர்த் செய்த இயந்திரம், நிலைமின்சாரம் தேங்காத காலணி ஆகியவையே சரியான வழி. பெங்களூரின் வறண்ட பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நிலைமின்சாரம் எளிதில் சேரும். அச்சு இயந்திரத்தின் வடிகட்டியில் படியும் உலோகப் புகைக்கரி, தூளைவிட நுண்ணியது. வடிகட்டியைத் திறக்கும்போதே பற்றக்கூடியது.

டைட்டானியம் நைட்ரஜனிலும் எரியும் என்பதால் அதை ஆர்கான் வாயு நிரப்பியே அச்சிடுகிறார்கள். காற்றைவிடக் கனமான ஆர்கான் கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கி, மணமோ நிறமோ இல்லாமல் மூச்சை அடைக்கும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அலறும் கருவி அறைக்குள் கட்டாயம். நிக்கல், கோபால்ட் தூள் நுரையீரலையும் தோலையும் பாதிக்கும். முகமூடியும் கையுறையும் அதற்காக.

எரியும் அலுமினியத்தின்மேல் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் பிறந்து தீ மேலும் மூளும். கார்பன் டை ஆக்சைடும் பயன்படாது. உலர்ந்த மணலோ ‘டி’ வகைத் தீயணைப்பானோ வேண்டும். அதையும் தூளைக் கிளப்பாமல் மெல்லத் தூவ வேண்டும். ஷெட்டுகள் ஒட்டி நிற்கும் பேட்டையில், உள்ளே இருப்பது எந்தத் தூள் என்பது வாசல் பலகையில் கன்னடத்திலும் தொழிலாளர் பேசும் மொழிகளிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். குழாயோடு ஓடிவரும் தீயணைப்பு வீரருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுவே.