சித்ரா பௌர்ணமிக்கு மூன்று அம்மன் தரிசனம்: திருவொற்றியூரில் ஓர் இரவு தங்க வழி

இந்த ஆண்டு, 2026-ல், சித்ரா பௌர்ணமி மே 1 வெள்ளிக்கிழமை வருகிறது. வெள்ளியும் பௌர்ணமியும் கூடும் நாளில் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் ஆகிய மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது வட தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். காலையில் இச்சா சக்தியான திருவுடையம்மன், உச்சிப் பொழுதில் ஞான சக்தியான வடிவுடையம்மன், மாலையில் கிரியா சக்தியான கொடியிடையம்மன் என்பது வரிசை. அன்றே மே தின விடுமுறையும் சேர்ந்துகொள்வதால் கூட்டம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

தரிசனத்துக்குப் பெரிய செலவு இல்லை. கிராமத்துக் குடும்பங்களைத் தயங்கவைப்பது ஒரே கேள்விதான்: "ராத்திரி எங்கே படுக்கிறது?" சென்னை என்றாலே அறை வாடகை கையைக் கடிக்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. வயதான அம்மாவின் பல வருட ஆசை இந்த ஒரு கேள்வியிலேயே அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

ஏன் திருவொற்றியூர்?

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர். மணிலா விற்ற பணத்தில் உரக்கடைக் கடன் போக மிச்சம்தான் பயணச் செலவு. காலையில் ஊரிலிருந்து புறப்பட்டால் மேலூரின் காலை தரிசனம் தவறிவிடும். ஆகவே ஏப்ரல் 30 இரவு சென்னையில் தங்கித்தான் ஆகவேண்டும். மறுநாள் மாலை திருமுல்லைவாயில் முடிந்ததும் அப்படியே ஊர் திரும்பிவிடலாம். ஆக, தேவை ஓர் இரவுதான்.

அந்த ஓர் இரவை எங்கே கழிப்பது என்பதில்தான் செலவு கூடுவதும் குறைவதும் இருக்கிறது. பழக்கத்தில் பலர் எழும்பூர், சென்ட்ரல் பக்கமே அறை தேடுகிறார்கள். மூன்று கோயில்களில் நடுவில் இருப்பது திருவொற்றியூர். காலையில் பையை அங்கேயே வைத்துவிட்டு வடக்கே மீஞ்சூர் வரை போய்வரலாம். உச்சி தரிசனத்துக்குத் திரும்பும்போது பையை எடுத்துக்கொண்டு திருமுல்லைவாயிலுக்குக் கிளம்பலாம். சென்ட்ரல் பக்கம் தங்கினால் விடுதியின் 'செக் அவுட்' நேரத்துக்கு மூட்டை முடிச்சோடு வெளியே வரவேண்டும். நாள் முழுக்க அதைத் தோளில் சுமக்கவும் வேண்டும்.

போக்குவரத்தும் முன்போல் இல்லை. எழும்பூரில் ரயில் இறங்கினால் மெட்ரோவில் சென்ட்ரல் போய், அங்கே விம்கோ நகர் செல்லும் நீல வழித்தடத்துக்கு மாறி, திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கலாம். 2022 மார்ச்சில் திறக்கப்பட்ட இந்த நிலையத்திலிருந்து கோயில் நடக்கிற தூரம்தான். கிளாம்பாக்கத்தில் பேருந்து இறங்குபவர்கள் மாநகரப் பேருந்தில் விமான நிலையமோ கிண்டியோ வந்துவிட்டால், அதே நீல வழித்தடத்தில் மாறாமல் தேரடி வரலாம். மெட்ரோ காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை ஓடுகிறது. இரவு 9 மணிக்குள் தேரடியில் இறங்கும்படி ஊரிலிருந்து கிளம்புவது நல்லது.

எந்தப் பக்கம் தேடுவது?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக நீளும் இந்தப் பகுதி, துறைமுகமும் தொழிற்சாலைகளும் சேர்ந்து வளர்த்த ஊர். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. விம்கோ நகர் என்ற பேர் தீப்பெட்டித் தொழிற்சாலையால் வந்தது. ஷிப்டு வேலைக்கு வந்தவர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகளும், மாடியில் ஓர் அறை எடுத்துக் கட்டி வாடகைக்கு விடும் வழக்கமும் இங்கே நிறைய. பெரிய ஓட்டல்களை நம்பி இந்தப் பகுதி இல்லை.

முதலில் பார்க்கவேண்டியது கோயிலைச் சுற்றிய சன்னதித் தெருவும் மாட வீதிகளும். கோயில் அலுவலகத்தில் தங்கும் வசதி பற்றிக் கேட்டால், அவர்களிடம் இல்லாவிட்டாலும் தெரிந்த மண்டபத்தையோ வீட்டையோ சொல்வார்கள். அர்ச்சனைத் தட்டுக் கடை, பூக்கடை வைத்திருப்பவர்களுக்கும் எந்த வீட்டில் மாடி காலி என்பது தெரியும்.

அடுத்தது காலடிப்பேட்டை. ஆங்கிலேய கவர்னர் காலெட் காலத்தில், 1717-20 ஆண்டுகளில், நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. காலெட்பேட்டை என்பதே காலடிப்பேட்டை ஆயிற்று. தனி மெட்ரோ நிலையம் இருக்கிறது. தேரடிக்கு அடுத்த நிறுத்தம்.

எண்ணூர், கத்திவாக்கம் பக்கம் வாடகை இன்னும் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் அனல்மின் நிலையங்களும் ரசாயன ஆலைகளும் உள்ள பகுதி அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அங்குள்ள மீனவர் குடும்பங்களுக்கு வந்துபோகும் விருந்தாளி தரும் வாடகை உதவிதான். இருந்தாலும் மூச்சிரைப்பு உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் உடன் வந்தால் தேரடி பக்கமே தங்குவது நல்லது.

வீட்டில் கேட்கவேண்டியவை

ஹோம்ஸ்டே என்று இப்போது சொல்வது, வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே விருந்தாளிக்கு இடம் தருவது. குறைந்த செலவுக்கும் பாதுகாப்புக்கும் இதுவே ஏற்றது. பெண்கள் உள்ள வீடா என்று கேட்டுக்கொண்டால் மாமியாருக்கும் நிம்மதி. ஏப்ரல் முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிடவேண்டும். பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்:

"அக்கா, நாங்க திண்டிவனம் பக்கத்துலேர்ந்து பேசுறோம். சித்ரா பௌர்ணமிக்கு மூணு அம்மன் பார்க்க வரோம். மூணு பெரியவங்க, ரெண்டு பிள்ளைங்க. ஒரு ராத்திரி தங்கணும்."

"வாங்கம்மா. மாடியில ஒரு ரூம் இருக்குது. ஃபேன் இருக்குது, ஏசி இல்ல. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிடக் கூடாது. இவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. வாடகை அறைக்கா, தலைக்கா? பிள்ளைகளுக்கும் கணக்கு உண்டா?

2. பையை மறுநாள் மதியம் 2 மணி வரை வைக்கலாமா?

3. விடியற்காலை 4 மணிக்குக் குளிக்கத் தண்ணீர் வருமா? குடிக்கும் தண்ணீர் தனியாக உண்டா?

4. கழிப்பறை மாடியிலேயே இருக்கிறதா? முட்டி வலிக்காரர் ராத்திரியில் படி இறங்க முடியாது.

5. அடுப்பைப் பயன்படுத்தலாமா? கேஸுக்குத் தனியாகக் கொடுக்கவேண்டுமா?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடக் கூடாது. சென்னைக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை இறைத்ததில் மீஞ்சூர் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. கடலோர வட சென்னையிலும் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். குளிக்கலாம், குடிக்க முடியாது. கேன் தண்ணீர் யார் வாங்குவது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வாடகை குறைவு என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யவேண்டாம். உதாரணத்துக்கு, தொலைவில் 700 ரூபாய்க்கு ஓர் அறை, கோயில் அருகே 1,000 ரூபாய்க்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தொலைவு அறைக்கு ஆட்டோ போகவர 400 ரூபாய், ஐந்து பேருக்கு இரவும் காலையும் கடைச் சாப்பாடு 700 ரூபாய் என்றால் மொத்தம் 1,800. கோயில் அருகே நடந்தே போகலாம். அரிசி, பருப்பு, புளியோதரைக் குழம்பு ஊரிலிருந்து வந்தால் கேஸுக்கு 100 ரூபாய் கொடுத்தாலும் 1,100-ல் முடிந்துவிடும்.

முழுப் பணத்தையும் முன்பணமாக அனுப்பவேண்டாம். திருவிழா நேரத்தில் கோயில் அறை, தங்கும் விடுதி என்ற பேரில் பொய்யான இணையதளமும் போன் எண்ணும் போட்டு ஏமாற்றுபவர்கள் உண்டு. சிறு தொகை மட்டும் அனுப்பி, மீதியை வீட்டைப் பார்த்தபிறகு கொடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசவேண்டும். அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' நகலைக் கொடுத்தால் போதும்.

அந்த ஒரு நாள்

விடியற்காலை குளித்துவிட்டு ஆட்டோவில் திருவொற்றியூர் ரயில் நிலையம். கும்மிடிப்பூண்டி செல்லும் மின்ரயிலில் ஏறி மீஞ்சூரில் இறங்கவேண்டும். விடுமுறை நாள் என்பதால் ரயில் நேரத்தை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அலையாத்தி மரங்களும், அவற்றுக்குப் பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் தெரியும். மீஞ்சூர் நெருங்கும்போது வயல்களும் கண்ணில் படும். மீஞ்சூரிலிருந்து மேலூருக்கு ஆட்டோ உண்டு.

உச்சிக்கு முன் திருவொற்றியூர் திரும்பிவிடவேண்டும். நடை சாத்தும் நேரத்தை முந்தின இரவே கோயிலில் கேட்டுவைப்பது நல்லது. அக்னி நட்சத்திரத்துக்கு மூன்று நாள் முந்திய வெயில் அது. தொப்பி, தண்ணீர் பாட்டில், உப்புச் சர்க்கரைக் கரைசல் கையில் இருக்கட்டும். பெரியவர்கள் சாப்பிட்டுச் சற்று படுத்து எழ வீடு பக்கத்தில் இருப்பது அப்போது கைகொடுக்கும். கொஞ்சம் நேரம் கிடைத்தால் கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதியையும் பார்த்துவிடலாம்.

மூன்று மணி வாக்கில் பையோடு கிளம்பி, மின்ரயிலில் சென்ட்ரல் மூர்மார்க்கெட் நிலையம் போய், ஆவடி மார்க்க ரயிலில் மாறினால் திருமுல்லைவாயில். மாலை தரிசனம் முடிந்ததும் ஊர்ப் பேருந்தைப் பிடிக்கலாம்.

நெல் போட்ட சத்திரம்

யாத்திரை வருபவருக்கு இடம் கொடுப்பது திருவொற்றியூருக்குப் புதிதல்ல. சங்கிலியாரைப் பிரியேன் என்று சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த ஊர். ஊரை விட்டுப் போனதால் அவர் கண்ணிழந்தார் என்கிறது பெரியபுராணக் கதை. 949-ல் தக்கோலப் போரில் சோழ இளவரசர் இராஜாதித்தர் இறந்தபின், அவருடைய கேரள நண்பர் ஒருவர் துறவியாகிச் சதுரானன பண்டிதர் என்ற பெயரில் இங்கிருந்த மடத்துக்குத் தலைவரானதைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. இப்படிப்பட்ட மடங்களிலும், பின்னாளில் ஒரத்தநாடு முத்தம்மாள் சத்திரம் போன்ற சத்திரங்களிலும் வழிப்போக்கருக்குச் சோறு போட்டது மானியமாக விட்ட நிலங்களின் நெல். அதை விளைவித்தவர்கள் விவசாயிகள்.

சத்திரங்கள் குறைந்துவிட்டன. அந்த இடத்தில் இன்று மாடி வீட்டுக்காரர் இருக்கிறார். வாடகையோடு ஒரு படி வேர்க்கடலையோ, வீட்டு உளுந்தோ கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். அடுத்த முறை போனில் பேரைச் சொன்னாலே இடம் இருக்கும்.

வழக்கமாக எழும் கேள்விகள்

*சித்திரையில் போக முடியாவிட்டால்?*

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் ஆதிபுரீஸ்வரரின் கவசத்தைத் திறந்து புற்று வடிவத் திருமேனி தரிசனம் நடக்கும். அப்போதும் இடம் கிடைப்பது கடினம். ஒரு மாதம் முன்பே பேசிவையுங்கள். மற்ற பௌர்ணமிகளில் சிரமம் குறைவு.

*கூட்டத்தில் பிள்ளை தவறிவிட்டால்?*

தங்கும் வீட்டு முகவரியையும் போன் எண்ணையும் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் வையுங்கள். அவசரத்துக்குப் போலீஸ் 112, குழந்தைகள் உதவி 1098.

*எங்கள் ஊரிலும் தேர்த் திருவிழாவுக்குக் கூட்டம் வருகிறது. நாங்களே வீட்டில் இடம் தரலாமா?*

தரலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் 1 முதல் 6 அறை வரை உள்ள வீட்டைப் பதிவு செய்யலாம். உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்கவேண்டும் என்பது நிபந்தனை. மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். சுத்தமான கழிப்பறை, நல்ல தண்ணீர், சொன்னபடி வாடகை ஆகிய மூன்றும் சரியாக இருக்கவேண்டும். ஏப்ரல் 30 அன்று திருவொற்றியூரில் ஓர் இரவு தங்கிப் பார்த்தவர்களுக்கு, விருந்தாளி எதைக் கேட்பார் என்பது தெரிந்துவிடும். வெள்ளாமை கைவிட்ட வருஷத்திலும் அந்த ஓர் அறை கொஞ்சம் வருமானம் தரும்.