கரண்டு வைத்தால் வலி போகுமா?



எங்கள் தெருவில் பாதி வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். என் அம்மாவும் 15 வருடமாகச் சுற்றுகிறார். சுளகை மடியில் வைத்துக் குனிந்தால், கணக்கு முடியும்வரை நிமிர மாட்டார். கழுத்திலிருந்து வலது தோள்பட்டை வரை சதை கல்லு மாதிரி இறுகிப் போச்சு. தைலம், மாத்திரை எல்லாம் பார்த்தாச்சு. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில், கரண்டு வைக்கணும்னு எழுதிக் கொடுத்தாங்க. ஆச்சிக்கு ஒரே பயம். “கரண்டு வச்சா நரம்பு செத்துப்போயிரும், போவாத” என்றார்கள். அதனால் நானும் கூடப் போய், பிசியோதெரபி அக்காவிடம் கேள்வியாகக் கேட்டேன்.

அந்தச் சின்னப் பெட்டிக்கு டென்ஸ் என்று பெயர். தோலின் மேலிருந்தே நரம்பைத் தூண்டும் கருவி. இரண்டு ரப்பர் பட்டைகளில் பசை தடவித் தோளில் ஒட்டினார். இது சுவிட்சில் கை வைத்தால் தூக்கி அடிக்குமே, அந்த மாதிரிக் கரண்டு இல்லை. மில்லி ஆம்பியர் அளவில் விட்டுவிட்டு வரும் துடிப்புகள். நொடிக்கு 100 துடிப்பு கூட வைப்பார்களாம். அம்மாவுக்கு எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சாம்.

சரி, வலி எப்படிக் குறையுது? முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் உடனே தேய்க்கிறோம் அல்லவா? தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் தடிமனானவை, வேகமானவை. நாள்பட்ட வலியைக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை, மெதுவானவை. இரண்டும் தண்டுவடத்தில் வந்து சேரும். அங்கே ஒரு வாசல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தடித்த இழையில் செய்தி நிறைய வந்தால் வலிக்கு வாசல் சாத்தப்படும். 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சொன்ன கருத்து இது. 1967-இல் வாலும், வில்லியம் ஸ்வீட் என்ற மருத்துவரும் தங்கள் முகத்து நரம்பிலேயே மின்சாரம் செலுத்திப் பார்த்தார்கள். என்ன தைரியம் பாருங்க! அதற்கும் முன்னால், சுமார் 2000 வருடத்துக்கு முன்பே, ரோமாபுரி வைத்தியர் ஒருவர் கால்வலிக்காரர்களை மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீன் மேல் நிற்கச் சொன்னாராம்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இதை வைக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலும், யாருக்குமே தொண்டையின் முன்பக்கத்திலும், புண் உள்ள தோலிலும் வைக்கக் கூடாது. எல்லாருக்கும் இது கேட்கும் என்றும் சொல்ல முடியாது. நாள்பட்ட வலிக்கு எவ்வளவு உதவும் என்பதில் ஆராய்ச்சியாளர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

அம்மாவுக்குக் கேட்டுச்சு. அன்று சாயங்காலம் வரை வலி தெரியவில்லை. “இது வலியை அமர்த்தும், காரணத்தை எடுக்காது. வலி இல்லாத நேரத்துல தோளுக்குப் பயிற்சி செய்யுங்கம்மா, அரை மணிக்கு ஒருதடவை எந்திரிங்க” என்று அக்கா படித்துப் படித்துச் சொன்னார். அம்மா என்ன செய்தாங்க தெரியுமா? வலி விட்டுப்போச்சுன்னு 200 பீடி கூடுதலாகச் சுற்றினாங்க. ராத்திரி மறுபடியும் தைலம்.

“ஆஸ்பத்திரிக்குப் போன நாள் கூலியை யாரு தருவா?” என்று என்னையே கேட்டாங்க. அது எந்த வாசலைச் சாத்தினாலும் போகாத கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது பள்ளிவிட்டுப் போனதும், நூறு பீடிக்கு ஒருதடவை சுளகைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறேன். அம்மா திட்டிக்கொண்டே எழுந்து, சுவரில் கையை ஊன்றி, தோளைப் பத்துத் தடவை சுற்றிவிட்டு, “குடுட்டி” என்று கையை நீட்டுவாங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி