முதியோர் இல்லமும் ஒரு புதன்கிழமையும்

போடிநாயக்கனூரில் பொழுது புலர்வதற்கு முன்பே ஜீப்புகள் விழித்துக்கொண்டுவிடும். தூக்குவாளியில் மதியச் சோற்றை எடுத்துக்கொண்டு, பனிக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பெண்கள் கூட்டங்கூட்டமாக வந்து நிற்பார்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு அவர்களை ஏற்றிச் செல்லும் அவ்வண்டிகள், மாலை மங்கிய பிறகு அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும். அந்த நிறுத்தத்தின் அருகில் என் அத்தா ஒரு தேநீர்க் கடை நடத்திவந்தார். பள்ளி நாள்களில் கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக் கொடுப்பது என் வேலை. மலைக்குப் போகும் பெண்களில் பாதிப் பேரை முகம் பார்த்தே அறிவேன். யாருக்குச் சர்க்கரை குறைவாகப் போட வேண்டும், யாருக்குக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும்.

அவர்களுள் ஒருவரை நாங்கள் எல்லோரும் அப்பத்தா என்றே அழைப்போம். கணவர் இல்லை. பிழைப்புத் தேடித் திருப்பூர் சென்ற ஒரே மகனின் வருகை முதலில் குறைந்தது. பின்னர் நின்றே போயிற்று. தோட்ட வேலையை அறியாதவர்கள் ஏலக்காய் பறிப்பதைப் பூப்பறிப்பதுபோல் எண்ணக்கூடும். ஏலச்செடி ஆளுயரத்திற்கும் மேல் வளரும். ஆனால் காய் பிடிக்கும் சரமோ செடியின் அடியிலிருந்து கிளம்பி மண்ணை ஒட்டிக் கிடக்கும். ஆகவே காய் பறிப்பவர் நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோதான் இருந்தாக வேண்டும். பறிப்புக் காலத்தின் பெரும்பகுதி மழையில் கழிவதால் ஈரமும் அட்டைக்கடியும் உடன்வரும். அறுபதை நெருங்கிய முதுகு இதற்கு எத்தனை நாள் இடங்கொடுக்கும்? ஒரு நாள் மேஸ்திரி, "இன்னைக்கு நீ இருந்துக்க அப்பத்தா" என்றார். மறுநாளும் அவ்வாறே சொன்னார். மூன்றாம் நாள் அப்பத்தா நிறுத்தத்திற்கு வந்தார். மேஸ்திரியிடம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் கடையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார். அன்றாடக் கூலிக்கு மலையேறியவர்களில் பெரும்பாலோர் இவ்வாறுதான் ஓய்வு பெறுகிறார்கள். பணிக்கொடை, ஓய்வூதியம், வழியனுப்பு விழா எதுவும் கிடையாது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட செய்தியை நாளிதழில் படித்தபோது எனக்கு அந்த மூன்றாம் நாள் காலைதான் நினைவுக்கு வந்தது.

பிறகு சில காலம் நகரத்துக் கிட்டங்கி ஒன்றில் காய் தரம் பிரிக்க உட்கார்ந்தார். சல்லடையில் சலித்துப் பருமன் பிரித்த பின்னரும், வெடித்த காய், நிறம் வெளுத்த காய், பூச்சி துளைத்த காய் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். கண்ணில் புரை விழுந்ததும் அந்த வேலையும் போயிற்று. வாடகை கொடுக்க வழியற்றவராய், மலையடிவாரத்தில் இருந்த சிறு முதியோர் இல்லம் ஒன்றில் போய்ச் சேர்ந்தார். அதனை நடத்துவோர் தங்கள் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர்கள். ஆகவே இல்லத்தின் பெயரை நான் எழுதவில்லை.

1995ஆம் ஆண்டு நான் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அவ்வாண்டுச் சுதந்திர தினத்தன்று வகுப்பு நண்பர்கள் ஏழு பேர் பணம் சேர்த்து, பிரியாணிப் பொட்டலங்களோடு அந்த இல்லத்திற்குச் சென்றோம். உள்ளம் பூரித்திருந்தது என்பதை மறைப்பானேன்? பொட்டலம் கொடுக்கும்போது படமும் எடுத்துக்கொண்டோம். சமையற்கார அம்மாள் எங்களை மனம் நோகச் செய்ய விரும்பாமல், "காலையில ஒரு சங்கத்துக்காரக இட்லி, பொங்கல் குடுத்தாக, மத்தியானத்துக்கு ஜவுளிக்கடைக்காரக வீட்டுச் சாப்பாடு வந்திருச்சு, இதை ராத்திரிக்கு வச்சுக்கிறோம்" என்றார். பல்லில்லாத பலருக்கு இராத்திரியில் இறைச்சியும் பிரியாணியும் ஆகுமா என்று எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

புறப்படும் வேளையில் திண்ணையிலிருந்து ஒரு குரல் என்னை நிறுத்திற்று. என் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. குரலை வைத்தே கண்டுகொண்டார். "டீக்கடை ராவுத்தர் மகன்தானப்பா நீ? வர்ற புதன்கிழமை கண்ணு காட்டத் தேனிக்கு வரச் சொல்லியிருக்காக. கூட ஒரு ஆள் இருந்தாத்தான் ஆபரேசனுக்குச் சேப்பாகளாம். நீ வர்றியா?"

"வர்றேன் அப்பத்தா" என்றேன்.

நான் போகவில்லை. அந்தப் புதன்கிழமை வேறோர் ஊரில் எங்கள் கல்லூரி அணிக்குக் கபடிப் போட்டி இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்யாகும். வேறு யாரேனும் போவார்கள் என்று எண்ணிக்கொண்டேன். பத்து நாள்கள் கழித்துச் சமையற்கார அம்மாள் கடைக்கு வந்தபோது அத்தாவிடம் சொன்னாராம்: வெளுத்த சேலை கட்டி, ஒரு பையில் மாற்றுச் சேலையும் சீப்பும் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அப்பத்தா வாசல் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. அத்தா கடையில் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரவு சாப்பிட்டு முடித்த பின்னர்க் கேட்டார்: "நீங்க பிரியாணி குடுக்கலேன்னா அவுக அன்னைக்குப் பட்டினி கிடந்திருப்பாகளா?" நான் இல்லை என்றேன். "புதன்கிழமை நீ போகலையே, அதுக்கு வேற யாரு இருந்தா?" இதற்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை.

அடுத்த முறை நாள் குறித்துக் கொடுக்க ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்த ஒன்றரை மாதமும் அவர் சுவரைத் தடவியே நடந்தார். இம்முறை நான் சென்றேன். இரண்டு இரவுகள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் படுத்திருந்தேன். கட்டு அவிழ்த்துச் சில வாரங்கள் சென்றபின், கிட்டங்கியிலிருந்து ஒரு பிடி காயைக் கொண்டுவரச் சொல்லி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். "பச்சை தெரியுதுடா" என்றார். அதன்பின் மூன்று ஆண்டுகள் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்வந்தார். இல்லத்திற்குத் தம் கூலியில் ஒரு பங்கும் கொடுத்தார்.

பின்னாளில் அந்த இல்லத்தின் கணக்கெழுத உதவும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதன் பிறகுதான் ஒரு முதியோர் இல்லம் எதனால் நிற்கிறது, எதனால் ஆட்டங்காண்கிறது என்பதைக் கண்டேன். சோற்றுக்கு நன்கொடையாளர் உண்டு. பிறந்தநாள், நினைவுநாள், பொங்கல், ரமலான், சுதந்திர தினம் ஆகிய நாள்களில் ஒரே நாளுக்கு இருவர் மூவர் போட்டியிடுவார்கள். பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன், ஜூலை மாதங்களிலோ பக்கங்கள் வெறுமையாக இருக்கும். மின்கட்டணத்திற்கு யாரும் முன்வருவதில்லை. இரவில் புரட்டிப் படுக்கவைக்கும் பணியாளரின் சம்பளம், படுக்கையில் விரிக்கும் ரப்பர் விரிப்பு, சர்க்கரை நோய் மாத்திரை, இறந்தவரை அடக்கம் செய்யும் செலவு, இவற்றின் பேரில் பெயர்ப்பலகை வைக்க இயலாது. ஆகவே நன்கொடையும் வருவதில்லை. பணத்தைவிட அரிதாக இருந்தது ஆள். நகம் வெட்டிவிட, கடிதம் படித்துக் காட்ட, மருத்துவமனையில் உடனிருக்க ஒருவர்.

இந்தப் பொருளில் உலகம் முன்பே கண்டறிந்த வழிகள் சில உண்டு. 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரான்சு நாட்டின் பிரித்தானி பகுதியில் ழான் ஜுகான் என்ற ஏழைப் பெண்மணி, பார்வையற்ற விதவை ஒருவரைத் தம் படுக்கையில் கிடத்திவிட்டுத் தாம் மேல்பரணில் படுத்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததே ஏழைகளின் சிறு சகோதரிகள் என்னும் கிறித்தவத் துறவற சபை. 1882இல் அச்சபையினர் கல்கத்தாவுக்கும் வந்தார்கள். பெருஞ்செல்வரின் ஒரு பெருங்கொடையை எதிர்பாராமல், சகோதரிகள் சந்தைக்கும் கடைக்கும் வீட்டுக்கும் நேரில் சென்று இரந்து பெறுவது அவர்களது மரபு. இரப்பது இழிவு என்று வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் நூறு கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு கை காய்கறி கொடுக்கும் இல்லத்தில் ஒருவர் நிறுத்திக்கொண்டாலும் அடுப்பு அணையாது.

சென்னையில் சாவித்திரி வைத்தி அம்மையார் 1978இல் ஆதரவற்ற முதிய பெண்களுக்காக விச்ராந்தி இல்லத்தைத் தொடங்கினார். அதற்குப் பின்னால் நின்ற பெண்கள் அமைப்பின் பெயர் மண்டே சாரிட்டி கிளப். தொண்டு நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு கிழமை இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. என் புதன்கிழமையை நினைக்கும்போதெல்லாம் அந்தத் திங்கட்கிழமையையும் சேர்த்தே நினைக்கிறேன். நம் பக்கத்திலேயே, மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, உள்ளூர்ச் சங்கங்களைத் துணைகொண்டே கிராமங்களில் கண் முகாம்களை நடத்திற்று. மருத்துவர் அறுவை செய்யலாம். முதியவரை வீட்டிலிருந்து முகாமுக்கு வரச் செய்ய ஊரார்தாம் வேண்டும்.

அரசு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்திற்கு ஒன்றேனும், வறிய முதியோர் 150 பேருக்குக் குறையாமல் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. தமிழாசிரியன் ஆதலால் என் கண் அந்த 'அமைக்கலாம்' என்னும் வினையிலேயே நிற்கிறது. 'அமைத்தல் வேண்டும்' என்பது வேறு. உதவித்தொகை வந்தாலும் அதைப் பெறுவதில் ஓர் இடர் உண்டு. வாழ்நாள் முழுவதும் மண்ணிலும் தட்டையிலும் உழைத்த விரல்களின் ரேகை தேய்ந்துபோயிருக்கும். கைரேகைக் கருவி அவர்களை அவர்கள் இல்லை என்று சொல்லிவிடும். அப்போது வங்கிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் உடன் சென்று, வரிசையில் நின்று, படிவம் எழுதித் தர ஓர் இளைஞர் வேண்டும். இதற்குக் காசு தேவையில்லை. ஒரு முற்பகல் போதும்.

நம் சமுதாயப் பெரியவர்களின் கவனத்திற்கு ஒன்றைச் சொல்ல விழைகிறேன். ஜகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்பது நம் சிறுவர்களும் அறிந்தது. தம் தாய் தந்தையர்க்கு அதனைக் கொடுக்கலாகாது என்பதையும் மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். அவர்களைப் பேணுவது முன்பே நம்மீது கடனாக இருப்பதால், கடனைத் தானக் கணக்கில் கழிக்க இயலாது. இந்த ஒரு விதியை நான் பல காலம் சட்ட நுணுக்கமாக மட்டுமே அறிந்திருந்தேன். 2009இல் அத்தா மறைந்த பிறகு அவருடைய கடைக் கணக்கு நோட்டுகளைப் புரட்டியபோது அதன் வேறொரு பொருள் விளங்கிற்று. நோட்டில் 'தர்மம்' என்று ஒரு தலைப்பு உண்டு. பள்ளிவாசல், யாசகர், திருமண உதவி எல்லாம் அதன்கீழ் இருந்தன. நாள்தோறும் மாலையில் அந்த இல்லத்திற்கு ஒன்றரை லிட்டர் பால் அவர் அனுப்பிவந்ததை அங்கே தேடினேன், காணவில்லை. தேயிலை, சர்க்கரை, விறகு ஆகியவற்றோடு, கடை நடத்த ஆகும் அன்றாடச் செலவில் ஒரு வரியாக அது இருந்தது. எங்களிடம் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அப்பத்தா மறைந்த பின்னரும் அந்த வரி தொடர்ந்தது.

கடையை இப்போது என் தம்பி பார்த்துக்கொள்கிறார். பால் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தடுத்து நம் துறையில் பயின்ற மாணவர்கள் சிலர் இல்லத்து முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்று, புதன்கிழமைகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு வருகிறார்கள். வர இயலாதவர் முன்னதாகவே சொல்லி மாற்றாள் தர வேண்டும் என்பது மட்டுமே கட்டுப்பாடு. பட்டியல் தமிழ்த்துறை அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. ஜூலை மாதத்தில் இரண்டு புதன்கிழமைகளுக்கு நேராக இன்னும் பெயர் எழுதப்படவில்லை.