ஸ்கேனில் தெரியாத வலி

எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. "ஒன்றுமில்லைம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார் மருத்துவர். கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் அந்தக் குடைச்சலுக்கு அப்போது நான்கு வயது. முந்தானை உரசினாலே எரியும்.

காயத்துக்குப் பின் தண்டுவட நரம்பணுக்களே கூருணர்வு கொண்டுவிடலாம், மெல்லிய தொடுதலும் வலியாகலாம் என்பதற்கு 1983இல் கிளிஃபோர்ட் உல்ஃப் எலிகளிடம் சான்று காட்டினார். திசுச் சேதமோ நரம்புச் சேதமோ தென்படாமல் நீடிக்கும் வலிக்கு 2017இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் தனிப் பெயரே வைத்தது. அதன் பிறகும் நம்மிடம் சொல்லப்படுவது "ஒன்றுமில்லை"தான். அம்மாவும் இப்படித் தோளைப் பிடித்துக்கொண்டுதான் மாவாட்டினாள். அவளுக்குக் கிடைத்தது கோடாலித் தைலம்.

தோழி சொல்லி ஓர் ஆஸ்டியோபதி சிகிச்சையாளரிடம் போனேன். எலும்பை 'இடத்தில் வைக்கும்' அந்த மருத்துவத்தின் பழைய பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அந்தப் பெண் முதலில் கேட்டது, "எப்படி வலிக்குது?" குடைச்சல், கடுப்பு, உளைச்சல், சுளீர், விண்விண். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். (பழந்தமிழில் வலி என்றால் வலிமை, வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் சிரிப்பார்கள்.) பிறகு தோளில் கை வைத்தார், அழுத்தவில்லை. என் மூச்சு நிதானமாகும்வரை காத்திருந்தார். "ஆபத்தில்லைன்னு நரம்புக்குப் பழக்கணும், நாளாகும்" என்றார். தினமும் கொஞ்சம் நடக்கவும் சொன்னார்.

வலி போய்விடவில்லை. வாரத்தில் நாலு இரவு தூங்குகிறேன். விடைத்தாள் திருத்தும் மாதத்தில் மறுபடி ஏறும். அந்த மாதம் சமையல் கணவரும் மகனும், முணுமுணுப்போடு.