இன்டர்கூலர் வாங்குமுன் பம்பரைக் கழற்றுங்கள்

"அண்ணாச்சி, இதப் போட்டா வண்டி பிச்சுக்கிட்டுப் போவும்லா?" என்று போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். பம்பர் முழுக்க அடைத்து நிற்கும் தடித்த இன்டர்கூலர். பதில் சொல்லுமுன் நான் பம்பரைக் கழற்றிவிடுவேன்.

ஆழ்வார்குறிச்சியில் அதற்குக் காரணம் உண்டு. கடனாநதிப் பாசன வயல்களில் அறுப்பு மெஷின் இறங்கினால் ரோடெல்லாம் வைக்கோல் தூசி. அது ஃபின்களுக்குள் புகுந்து, சாரல் ஈரத்தில் இறுகி, சாணி மெழுகினதுபோல் அடைத்துக்கொள்ளும். காற்று புகாத இன்டர்கூலர் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? பிரஷர் குறைத்துத் தண்ணீர் விட்டு, உள்பக்கமிருந்து வெளியே கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் ஃபின் மடங்கிவிடும். அடுத்து ஓஸ் கிளாம்ப். அங்கே எண்ணெய்க் கசிவு புதிதாகத் தெரிந்தால் பூஸ்ட்டும் அங்கேதான் போகிறது. பிக்கப் இல்லை, கரும்புகை என்று வரும் வண்டிகளில் பல இந்த இரண்டிலேயே சரியாகிவிடும்.

பூஸ்ட்டைக் கூட்டி ரீமேப் செய்த வண்டியின் கதை வேறு. 35 டிகிரிக் காற்றை டர்போ 1 பார் அழுத்தினால் அது சுமார் 130 டிகிரிக்குச் சூடேறும். அதை 55-க்கு இறக்கினால் அதே இடத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகக் காற்று அடங்கும். இதற்குத்தான் இன்டர்கூலர்.

தேர்ந்தெடுக்கும்போது நான் தடிமனைவிட முகப்பின் பரப்பையே பார்ப்பேன். தடித்த கோரில் பின்வரிசைக்குப் போய்ச் சேருவது முன்வரிசையில் சூடான காற்றுதான். பின்னாலிருக்கும் ரேடியேட்டரும் அதே சூட்டைத்தான் வாங்கும். செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் ஆள் நிறைந்த வண்டி இரண்டாம் கியரில் ஏறும்போது இது தெரியும்: எதிர்க்காற்று குறைவு, இன்ஜினுக்கு வேலை அதிகம், டெம்பரேச்சர் முள் ஏறும். நாற்கரச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு நல்ல சாமான் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

இன்னொன்று, கோருக்கு முன்னும் பின்னும் கேஜ் வைத்துப் பாருங்கள். முழு பூஸ்ட்டில் 0.1 பாருக்கு மேல் இழந்தால் அந்தக் கோர் வேண்டாம். இழந்ததை ஈடுகட்ட டர்போதான் கூடுதலாகச் சுற்ற வேண்டும். போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்றவற்றில் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே தண்ணீரில் குளிர்கிறது. அதற்கு வெளியே ஒரு கோர் மாட்டுவது தனிப் பெரிய வேலை.

ரீமேப் செய்யாத வண்டிக்குக் கம்பெனி இன்டர்கூலரே போதும். கழுவி, ஓஸை மாற்றி ஓட்டுங்கள்.