நாற்பத்திரண்டடிக்குள் ஒரு லென்ஸ்

மட்டாஞ்சேரியிலும் அதை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியிலும் மாலை வேளைகளில் பார்வையாளர்களுக்காகக் களரிப்பயிற்று நிகழ்த்தப்படுகிறது. 2023 கோவா தேசிய விளையாட்டுப் போட்டிகளில் இடம்பெற்ற கலை இது. விளையாட்டு என்றதும் படமெடுப்போர் 70-200 மி.மீ. லென்ஸைத் தேடுவது வழக்கம். மைதானத்திற்கு அது பொருந்தும், களரிக்குப் பொருந்தாது.

'களரி' என்பதற்குப் போர்க்களம், அரங்கு என்னும் பொருள்கள் தமிழில் உண்டு. மலையாளத்தில் அது பயிற்சிக்கூடத்தின் பெயர். மரபான குழிக்களரி தரைமட்டத்திற்குக் கீழே தோண்டப்படுவது. நீளம் 42 அடி, அகலம் 21 அடி. அதாவது ஏறத்தாழ 12.8 மீட்டருக்கு 6.4 மீட்டர். ஐந்து மீட்டர் தொலைவில் 200 மி.மீ. லென்ஸ் வீரரின் முகத்தையும் தோளையும் மட்டுமே காட்டும். ஆனால் இக்கலையின் அடிப்படைக் காலசைவுகளுக்குச் 'சுவடு' என்றே பெயர். கால் தெரியாத படம் களஆய்வுக்கு என்ன சான்றாகும்?

அடுத்தது வெளிச்சம். உறுமி சுழலும்போது ஃபிளாஷ் அடிப்பது வீரரின் கண்ணைக் கூசச்செய்யும். அது அவருக்கு ஆபத்து. ஆகவே இருக்கும் வெளிச்சத்தையே நம்ப வேண்டும். கேமராவுடன் வரும் லென்ஸின் எஃப் 5.6 துளையைவிட எஃப் 1.8 துளை ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். 1/50 நொடியில் கலங்கிப்போன பாய்ச்சல், அதே ஐ.எஸ்.ஓ.வில் 1/500 நொடியில் தெளிவாகப் பதியும்.

இத்துடன் முடிந்ததென்று எண்ணி 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை வாங்குவோர் உண்டு. அங்கேதான் நுட்பமான பிழை நேர்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவில், ஐந்து மீட்டர் தொலைவில், அந்த லென்ஸின் தெளிவாழம் நாற்பது சென்டிமீட்டரைக்கூட எட்டாது. வாள் ஓங்குபவர் தெளிவாக இருப்பார். கேடயம் ஏந்தியவர் பின்னணியில் கரைந்துபோவார். படம் அழகாகத்தான் இருக்கும். ஆயினும் இருவர் செய்த செயலை ஒருவர் செய்ததாக அது சொல்கிறது.

அதே துளையில் 35 மி.மீ. லென்ஸின் தெளிவாழம் இரண்டு மீட்டரைத் தாண்டும். சட்டத்தின் அகலமோ ஐந்து மீட்டர். வாள்நீளத் தொலைவில் நிற்கும் இருவரும், அவர்தம் நான்கு காலடிகளும் அதனுள் அடங்கும். சிறிய சென்சார் கொண்ட கேமரா வைத்திருக்கும் மாணவருக்கு 24 மி.மீ. ஏறத்தாழ அதே கோணத்தைத் தரும். நெருக்கம் வேண்டுமெனில் படத்தைப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம்; எடுக்கும்போதே கரைந்த முகத்தை எந்த மென்பொருளும் உண்மையாக மீட்டுத்தராது.

வாளை ஓங்குபவருக்கு எதிரில் நிற்பவரின் மேல் நம்பிக்கை உண்டு. எதிரில் நிற்பவருக்கும் அப்படியே. களரியில் பதிவு செய்யப்பட வேண்டியது அந்த நம்பிக்கை. லென்ஸ் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே: இதில் இருவரும் இருப்பார்களா?