நயினாதீவில் வாங்கிய ஓலைப்பெட்டி

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே சென்றால் குறிகட்டுவான் துறையை அடையலாம். அதற்கப்பால் வள்ளமே கதி. சிறிது நேரத்தில் நாகபூஷணி அம்மன் கோபுரம் கடல்மீது எழுந்து தோன்றும். அம்மனைத் தொழுது, அயலிலுள்ள நாகதீப விகாரையையும் கண்டு, அமுதசுரபி மடத்தில் அன்னம் உண்டு திரும்புதல் யாத்திரிகர் வழக்கம்.

கடைவீதியில் நாம் வாங்கியது சாயமிட்ட சார்வோலையால் இழைத்த, உள்ளங்கையளவான பெட்டியொன்று. துணைவியை இழந்தபின் படலையைத் தாண்டாதிருந்த நண்பர் ஒருவருக்காகவே அதனை வாங்கினோம். கரையிற் கிடந்த இரு சிப்பிகளையும் அதனுள் இட்டோம்.

ஆறுதல் கூறச் சென்றோர்க்கெல்லாம் முகங்கொடாத அவர், பெட்டியைத் திறந்து, “நயினாதீவோ?” என்றார். பின்னர், மனைவியுடன் அங்கு சென்ற நாளைப் பற்றித் தாமே பேசலானார். நாம் இடைமறியாது கேட்டிருந்தோம்.

ஓலைப்பெட்டி மனநோய்க்கு மருந்தன்று; ‘அவ்விடத்தும் உம்மை நினைத்தோம்’ என்பதற்குச் சான்று மாத்திரமே. அது வாய் திறக்கச் செய்யும். செவிகொடுத்தல் நம் கடன். ஊணும் உறக்கமும் பலநாள் ஒழிந்தால், வைத்தியரிடம் உடன் செல்லலும் நம் கடனே. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் உதவும். அதனையும் ஒரு துண்டில் எழுதிப் பெட்டியுள் வைத்தோம்.

தீவுக்குச் செல்லும் அன்பர்களே, வீட்டுக்கு வாங்கும்போது, மனம் சோர்ந்திருக்கும் ஒருவருக்கும் ஒன்று வாங்குங்கள். தபாலில் அனுப்பாது நேரிற் கொண்டு சென்று கொடுங்கள்.